தேடலில் சிக்காததெல்லாம் இல்லாததா?

கல்வெட்டுப் பாடங்களைக் கணினியில் ஏற்றிவைத்து ஆராய்வோர் பெருகியிருக்கின்றனர், நல்லதுதான். ஆனால் எடிட்டரில் ஒரு சொல்லைத் தேடி, விடை வராதபோது, அச்சொல் அப்பாடத்தில் இல்லை என்றே எழுதிவிடும் வழக்கமும் உடன் வளர்கிறது.

பெங்களூருவின் தொம்மலூரையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் 'எபிகிராபியா கர்நாடிகா' 9ஆம் தொகுதியில் 1905இல் அச்சேறின. அவற்றில் ஊர்ப்பெயர் தொம்பலூர். இன்றைய பெயரைத் தட்டச்சிட்டுத் தேடுபவருக்கு ஒன்றும் கிட்டாது. தொம்பலூர் என்று திருத்திக்கொண்டாலும் சிக்கல் தீராது. 'தொம்பலூரில்' என வேற்றுமை உருபு சேர்ந்ததும் ஈற்று ரகரத்தின் புள்ளி போய் இகரக் குறி வந்துவிடுகிறது. படிப்பவருக்கு அதே ஊர், எடிட்டருக்கு வேறொரு எழுத்துத் தொடர். கல்லில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. உள்ளபடியே பெயர்த்தெழுதிய கோப்பில் இவ்விரண்டும் தேடலைத் தடுக்கும். இவை போதாவென்று, ஒருங்குறியில் 'தொ'வின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டாகப் பிரிந்தும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

எமாக்ஸ் எடிட்டர் 2016இல் வந்த 25ஆம் பதிப்பிலேயே, இணையான குறிகளை ஒன்றாகக் கொண்டு தேடும் வசதியைத் தந்தது. கடைசியாகச் சொன்ன சிக்கலுக்கு அது உதவும். புள்ளியில்லாக் கல்லெழுத்தை அது அறியாது. அறிய வேண்டுமென எதிர்பார்ப்பதும் நியாயமன்று. தட்டச்சிட்ட சொல்லை வாங்கி, புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறிலானாலும் நெடிலானாலும் பொருந்துமாறு விரித்துத் தரும் சிறுநிரலை எமாக்ஸின் லிஸ்ப் மொழியில் சில வரிகளில் எழுதி, அதையே இயல்புத் தேடலாக அமைத்துக்கொள்ளலாம். விம் எடிட்டரிலும் இது இயலும்.

இது கணினித் துறையார் வேலை என்பர் சிலர். எந்த எழுத்தை எதனோடு ஒன்றாகக் கொள்வது என்பது மொழியியல் முடிவு. அதைப் பிறரிடம் ஒப்படைத்தால் ஆய்வின் ஒரு பகுதியையே ஒப்படைத்ததாகும். மேலும், தளர்த்துவதிலும் ஆபத்துண்டு. குறில் நெடிலை ஒன்றாக்கினால் 'கொடு'வைத் தேடுபவர் முன் 'கோடு'களும் வந்து குவியும். ஆகவே ஒவ்வொரு தளர்வையும் தனித்தனியே இயக்கவும் நிறுத்தவும் வழி வேண்டும். எந்தத் தளர்வால் எத்தனை இடங்கள் கூடின என்பதும் தெரிய வேண்டும்.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கல்வெட்டுப் பட்டியலுக்கு இடமுண்டு. தேடப் பயன்படுத்திய சிறுநிரலையும் அங்கேயே சேர்க்கச் சொல்லி நெறியாளர்கள் கேட்கத் தொடங்கலாம். இரண்டு பக்கங்களுக்கு மேல் போகாது.