ராத்திரி மாத்திரையும் சத்து மாத்திரையும்

"சத்து மாத்திரைதானே, போட்டால் என்ன கெட்டுப் போகுது?" என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். போன வருஷம் வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்க பெரியக்காவுக்கு எச்.ஐ.வி. பதினெட்டு வருஷமாக அரசு ஏ.ஆர்.டி. மையத்து மாத்திரை சாப்பிடுகிறாள். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். பெயர், ஊர் போடாமல் எழுது என்று அவளே சொன்னதால் எழுதுகிறேன்.

போன வருஷம் சர்க்கரை எல்லையைத் தொட்டது. "இன்சுலின் சுரக்குது, உடம்பு அது பேச்சைக் கேட்கலை" என்றார் டாக்டர். வைரஸால் உள்ளுக்குள் ஓயாமல் கனலும் அழற்சி ஒரு காரணம். முன்பு கொடுத்த ஸ்டாவுடின் மாத்திரை இன்னொன்று. கன்னமும் கைகாலும் வற்றி, வயிறு மட்டும் பெருக்குமே, அது! அக்காவின் கன்னக்குழி இன்னும் மறையவில்லை.

பக்கத்து வீட்டம்மா நல்ல மனசோடுதான் வாங்கிக் கொடுத்தார்: துத்தநாகம், மக்னீசியம், குரோமியம் கலந்த சத்து மாத்திரை, எலும்புக்குக் கால்சியம். தான் வேறு மாத்திரை சாப்பிடுவதை அவரிடம் சொல்ல முடியுமா? அக்கா படுக்கப் போகும்போது, வெறும் வயிற்றில், ஏ.ஆர்.டி. மாத்திரையோடு எல்லாவற்றையும் ஒரே மடக்கில் விழுங்கியிருக்கிறாள்.

ஐந்து மாதத்தில் வைரஸ் எண்ணிக்கை தலை தூக்கிவிட்டது. எனக்குக் கைகால் ஓடவில்லை. மையத்துக் கவுன்சலர்தான் பையைக் கொட்டச் சொல்லி விஷயத்தைக் கண்டுபிடித்தார். இப்போது கொடுக்கிற டோலுடெக்ராவிர், இந்த உலோகச் சத்துக்களோடு குடலிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். வெறும் வயிற்றில் கால்சியத்தோடு போட்டால் சுமார் 40 சதவீதம் ரத்தத்தில் சேராது. இரும்போடு என்றால் பாதிக்கு மேல் வீண். நெஞ்செரிச்சல் மருந்து இன்னும் மோசம்.

அதனால் ஏ.ஆர்.டி. மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்துத்தான் சத்து மாத்திரை. சத்து மாத்திரையை முதலில் போட்டுவிட்டால் 6 மணி நேரம் பொறுக்கணும். கால்சியமும் இரும்பும் மட்டும் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் தோஷமில்லை.

குரோமியம் சர்க்கரையைக் கேட்குமா? கனடாவில் டொரண்டோ டாக்டர்கள் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தினம் 400 மைக்ரோகிராம் வீதம் 16 வாரம் கொடுத்து, இன்சுலின் எதிர்ப்பு குறைந்ததாக 2010-ல் எழுதினார்கள். ஆனால் அது சின்ன ஆய்வு. அதை நம்பிக் காசைக் கொட்ட எனக்கு மனசில்லை. அக்கா இப்போது இரவில் சோற்றைக் குறைத்து, தினமும் முக்கால் மணி நடக்கிறாள்.

இன்னொன்று. சர்க்கரை டாக்டரிடம் எச்.ஐ.வி. விஷயத்தை மறைத்திருந்தாள். மெட்பார்மின் கொடுத்தால், டோலுடெக்ராவிர் அதை ரத்தத்தில் தேக்கிவிடும்; பொதுவாக நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்ட விடமாட்டார்கள். நானே கூடப் போய்ச் சொல்ல வைத்தேன். டாக்டர் முகம் சுளிக்காமல் குறித்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் வைரஸ் அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டம்மா மட்டும் விடவில்லை, "ஏன் மாத்திரை நேரத்தை மாத்திட்டீங்க?" என்று. "தைராய்டு மாத்திரையோடு ஆகாதாம்" என்று சொல்லி வைத்திருக்கிறாள் அக்கா.