இணையதளமும் ஓர் அமானிதமே!

நம் மஹல்லாக்களில் புதியதோர் ஆவல் பிறந்திருக்கிறது. ஜமாஅத்துக்கும் மதரஸாவுக்கும் அறக்கட்டளைக்கும் ஓர் இணையதளம் வேண்டும் என்கிறார்கள். இந்த ஆவலை நாம் குறை கூறவில்லை. அதற்குத் திட்டமிடும் முறையையே கண்டிக்கிறோம்.

ஆலோசனைக் கூட்டத்தில் முதலில் எழும் வினா என்ன? யாருடைய படம் மேலே வரவேண்டும் என்பதுதான்! அடுத்த வினா, திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்பது. இத்தளத்தை நாடி வருவோர் யாவர், அவர்களுக்கு வேண்டுவது யாது என்று கேட்பாரில்லை. மகளின் படிப்புக்கு உதவி தேடும் விதவைத் தாய்க்கும், நிக்காஹ் சான்று பெற வழியறியாது கடல் கடந்த நாட்டில் தவிக்கும் பிள்ளைக்கும், வக்ஃபு வரவு செலவை அறிய விழையும் மஹல்லாவாசிக்கும் உரிய பக்கம் எங்கே? நிர்வாகிகளின் புன்னகை இவர்களுக்கு விடையாகுமா?

அடுத்த பிழை இதனினும் பெரிது. இணைய முகவரி நிலம்போல் கிரயம் பெறுவதன்று, தவணைக்குப் பெறுவது. டாட் காம், டாட் ஆர்க் முகவரிகளை ஒரே முறையில் 10 ஆண்டுகளுக்கு மேல் பதிய இயலாது. புதுப்பிக்கத் தவறினால் அது பிறர் கைக்குப் போகலாம். அத்தகைய முகவரியை ஆர்வமுள்ள இளைஞர் ஒருவரின் பெயரில் பதிந்துவிட்டு நாம் உறங்குகிறோம். அவர் வளைகுடாவுக்குப் பயணமாகிவிட்டால் சாவி யாரிடம்? பள்ளிவாசல் நிலத்தைத் தனியார் பெயரில் பத்திரம் செய்ய உடன்படுவோமா?

"இலவச இடம் இருக்கிறதே" என்பாரும் உளர். ஜியோசிட்டீஸ் என்னும் இலவசத் தளத்தை யாஹூ நிறுவனம் 2009-இல் அமெரிக்காவில் மூடியது. அங்கே குடியிருந்த பல இலட்சம் பக்கங்களில், பிறர் முயன்று படியெடுத்தவையே எஞ்சின.

தமிழுக்கு நாம் செய்யும் அநீதியும் உண்டு. துண்டறிக்கையைப் படம்பிடித்து ஒட்டிவிட்டுத் 'தமிழ்ப் பக்கம்' என்கிறோம். படத்திலுள்ள சொற்கள் தேடுவோருக்கு எளிதில் அகப்படா. பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் கருவிக்கும் எட்டா. யூனிகோடு முறையில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருக்கிறது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் அன்பர்கள் உமறுப்புலவரின் சீறாப்புராணத்தையே எழுத்து வடிவில் இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். நமக்கோ ஒரு பக்க அறிவிப்பைத் தட்டெழுதச் சோம்பல்!

வண்ணம் தேர்வதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: இத்தளம் யாருக்காக? எதைச் சொல்ல? ஆண்டுதோறும் புதுப்பிப்பவர் யார்? முகவரி ஜமாஅத்தின் பெயரிலேயே இருக்கட்டும். கடவுச்சொல்லைப் பொறுப்பாளர் இருவரேனும் அறிந்திருக்கட்டும். செலவு ஆண்டுக் கணக்கில் ஏறட்டும்.

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கத் திருமறை பணிக்கிறது. மக்கள் பணத்தில் எழும் இணையதளமும் அமானிதமே. அதைப் பேணத் துணிவில்லையேல், தொடங்காதிருப்பதே நேர்மை!