அரிசிப் பையும் ஆக்சிஜன் டேங்கரும்

கொரோனா காலத்தில் தூத்துக்குடியைக் காப்பாற்றியது ஊர்க்காரர்கள் தூக்கிக் கொடுத்த அரிசிப் பை அல்ல, பெரிய நிதியும் பெரிய கம்பெனியும்தான் என்று ஒரு பொருளாதாரக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். மூன்று பக்கம். உள்ளூர்க் கொடை என்பது கணக்கில்லாத உணர்ச்சி, கூட்டம் சேர்த்து நோயைப் பரப்பியதுதான் அதன் பலன் என்கிறார். கொடுக்க நினைத்தவர்கள் மைய நிதியில் போட்டிருக்க வேண்டுமாம். எந்த ஆலையை இந்த ஊர் விரட்டியதோ அதே ஆலைதான் கடைசியில் மூச்சுக் கொடுத்தது, ஊருக்குத்தான் நன்றி இல்லை என்று முடிக்கிறார்.

முடிவிலிருந்தே தொடங்குகிறேன். முதல் இரண்டு பக்கமும் அந்தக் கடைசிப் பத்திக்காகப் போட்ட பந்தல் என்பது வாசித்த எவருக்கும் தெரியும்.

2018 மே 22 அன்றும் மறுநாளும் இந்த ஊரில் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். ஒரு வாரத்துக்குள் அந்த ஆலையை நிரந்தரமாக மூட அரசாணை வந்தது. 2020 ஆகஸ்ட் 18இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. அடுத்த ஏப்ரலில் நாடே ஆக்சிஜனுக்குத் திணறியபோது ஆலையை நடத்திய வேதாந்தா நிறுவனம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நாளொன்றுக்கு ஆயிரம் டன் தயாரிக்க முடியும், இலவசமாகவே தருகிறோம் என்றது. அனைத்துக் கட்சிக் கூட்டம் சம்மதித்தது. ஏப்ரல் 27 அன்று நீதிமன்றமும் ஜூலை 31 வரை அனுமதித்தது. அந்த உத்தரவிலேயே, இதனால் நிறுவனத்துக்கு எந்த உரிமையும் பிறக்காது என்று எழுதிவைத்தார்கள். நீதிபதிகளுக்குத் தோன்றிய அந்தச் சந்தேகம் நம் கட்டுரையாளருக்குத் தோன்றவில்லை.

ஆயிரம் டன் என்ற கணக்கையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஆலையின் ஆக்சிஜன் பிரிவு தாமிர உருக்காலைக்கு வாயுவாக ஆக்சிஜன் கொடுப்பதற்காகக் கட்டப்பட்டது. குழாய் வழியே பக்கத்து உலைக்குப் போகிற வாயுவை மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் லாரியில் ஏற்ற முடியாது. டேங்கரில் போக அது திரவமாக வேண்டும். திரவமாக்கும் திறன் அங்கே நாளுக்குச் சுமார் 35 டன்தான். மே நடுவில் முதல் லோடு கிளம்பிய கையோடு இயந்திரம் பழுதாகிச் சில நாள் நின்றது. பிறகு ஓடியது. ஜூலை முடிவதற்குள் 2,000 டன்னுக்கு மேல் திரவ ஆக்சிஜன் வெளியே போனது. அதில் பிழைத்தவர்கள் உண்டு, அதை மறுக்கிறவன் மனிதனே இல்லை. ஆனால் கெடு முடியும் நேரத்தில் நிறுவனம் என்ன செய்தது? நீட்டித்துத் தரும்படி மறுபடி நீதிமன்றத்தை அணுகியது. இலவசமாகக் கொடுத்த கை கூடவே ஒரு மனுவையும் நீட்டியது. ஊர் அதைக் கவனித்ததற்குப் பெயர் நன்றிகேடு என்றால், இருந்துவிட்டுப் போகட்டும்.

இதைவிடப் பெரிய அபத்தம் ஒன்று உண்டு. காலண்டரைப் பார்த்தாலே போதும். ஊர் அடைபட்டது 2020 மார்ச் கடைசியில். டேங்கர் கிளம்பியது 2021 மே மாதம். நடுவில் பதின்மூன்று மாதம். அந்த மாதங்களில் ஒரு வீட்டில் உலை எரிந்ததா என்பதுதான் அரிசிப் பையின் பிரச்சினை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுகிறவருக்குப் பசியும் தெரியவில்லை, நுரையீரலும் தெரியவில்லை.

அந்த முதல் இரண்டு மாதத்தை நினைத்துப் பாருங்கள். மார்ச் கடைசியில் படகுகள் கரையேறின. ஏப்ரல் 15இல் வழக்கமான மீன்பிடித் தடைக்காலம் வந்தது. மத்திய அரசு 61 நாளை 47 ஆகக் குறைத்தும், விசைப்படகுக்காரனுக்கு ஜூன் பிறக்கும் வரை கடல் இல்லை. சங்கு குளிப்பவர் கதையும் அதுதான். முத்துக்குளிப்பு 1961 உடன் முடிந்துபோன கரை இது, கைவிட்டால் பிடித்துக்கொள்ள வேறு பொக்கிஷம் எதுவும் கடலடியில் கிடையாது. சந்தையில் மூட்டை தூக்கியவர், ஆட்டோ ஓட்டியவர், வீட்டு வேலைக்குப் போன பெண்கள் எல்லாருக்கும் அன்றாடக் கூலி ஒரே நாளில் நின்றது. அரசு ரேஷன் அட்டைக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் கொடுத்தது. கொடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆயிரம் ரூபாய் எத்தனை நாள் வரும் என்பதை மட்டும் கட்டுரையாளர் தம் வீட்டு மளிகைச் சீட்டை வைத்துக் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

மீதி நாளை ஓட்டியது யார்? கணக்கில்லாத உணர்ச்சியாளர்கள்தான் என்கிறார். மகமை என்று இங்கே ஒன்று உண்டு. நாடார் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் ஏற்பாடு. வரும் மூட்டைக்கு இவ்வளவு, நடக்கும் வியாபாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு எடுத்து வைப்பார்கள். பள்ளிக்கூடமும் கல்யாண மண்டபமும் அப்படி எழுந்தவைதான். வருஷத்துக்கு ஒருமுறை கணக்கு வாசிப்பார்கள். அன்றைக்கு அண்ணாச்சிகள் நூறு ரூபாய் வித்தியாசத்துக்கு எழுந்து நின்று போடும் சத்தத்தைக் கேட்டவர் யாரும் இதை உணர்ச்சி என்று சொல்லத் துணிய மாட்டார். கடற்கரை ஊர்களில் மீன் விற்ற காசில் கோயிலுக்கு ஒரு பங்கு போகும், ஊர்க்கமிட்டி அதற்குப் பொறுப்பு. காயல்பட்டினத்துக்காரர்கள் எந்த நாட்டில் பிழைத்தாலும் அங்கே ஒரு காயல் நல மன்றம் வைத்து ஊருக்கு மருத்துவ உதவி அனுப்புவது கொரோனாவுக்கு வெகு முன்னதாகவே நடந்துவருகிற காரியம். 16ஆம் நூற்றாண்டிலேயே இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார் காலத்தில் புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனை பரதவர் காணிக்கையை நம்பி நடந்தது. தொற்று வந்த அன்று முளைத்த இரக்கம் அல்ல இது. எந்தத் தெருவில் எந்த வீட்டில் சம்பாதிக்கிறவர் படுத்த படுக்கையாக இருக்கிறார், எந்த வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டுப் பட்டினி கிடப்பார்கள் என்ற விவரம் இவர்கள் நோட்டில் ஏற்கெனவே இருந்தது. அதைத்தான் 2020இல் பிரித்தார்கள்.

இப்போது அவர் புகழும் மைய நிதிக்கு வருவோம். பி.எம். கேர்ஸ் 2020 மார்ச் கடைசியில் உண்டானது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால், அது பொது அதிகார அமைப்பு அல்ல என்று பதில் வரும். கம்பெனிகள் அதில் போடும் பணம் சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கில் சேரும். அதே பணத்தை முதலமைச்சர் நிவாரண நிதியில் போட்டால் சேராது என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் அந்த ஏப்ரலிலேயே விளக்கம் கொடுத்தது. தூத்துக்குடியில் லாபம் பார்க்கும் நிறுவனம் தூத்துக்குடி நோயாளிக்காகச் சென்னைக்குக் கொடுத்தால் செல்லாது, டெல்லிக்குக் கொடுத்தால் செல்லும். இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு மகமை நோட்டைப் பார்த்துக் கணக்கு எங்கே என்று கேட்க ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

அரசு நிதி என்றாலே ஊர்க்காரன் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்ற தொனியும் கட்டுரையில் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்து, பிச்சை எடுத்து வாழ்ந்த முதியவர் ஒருவர் 2020 மே மாதம் மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் கொரோனா நிவாரணத்துக்கு 10,000 ரூபாய் கட்டினார். அதோடு நிற்காமல் மறுபடி மறுபடி போய்க் கட்டினார். கட்டுரையாளர் எவ்வளவு கட்டினார் என்று நான் கேட்கப் போவதில்லை.

கூட்டம் சேர்த்து நோயைப் பரப்பினார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. சில இடங்களில் நெரிசல் நடந்தது உண்மை. ஒரு கிலோ பருப்புக்கு ஆறு பேர் நின்று போட்டோ எடுத்ததும் உண்மை, அந்தப் படங்களைப் பார்த்து எனக்கும் குமட்டியது. அதற்குத் தமிழக அரசு கண்ட வைத்தியம் என்ன? 2020 ஏப்ரல் 12 அன்று, கட்சிகளோ தொண்டு அமைப்புகளோ நேரடியாக எதையும் வழங்கக்கூடாது, அதிகாரிகளிடம்தான் ஒப்படைக்க வேண்டும் என்றது. வழக்குப் போனது. முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டு, இடைவெளி காத்து, சிலர் மட்டும் போய்க் கொடுக்கலாம் என்று சில நாளில் உயர் நீதிமன்றம் வழி செய்தது. கூட்டத்துக்குக் கட்டுப்பாடு வைப்பதுதான் விவேகம், கொடுப்பதையே நிறுத்துவது அல்ல என்பது நீதிமன்றத்துக்கு விளங்கியது. அரிசிக்கு வரும் கூட்டத்தைக் கண்டு அப்படிப் பயந்த அரசு மே 7 அன்று டாஸ்மாக் கடைகளைத் திறந்ததே, அந்த வரிசைகளைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? கிருமிக்குச் சோற்று வரிசை, சாராய வரிசை என்ற பேதம் கிடையாது.

அரசே வேண்டாம் என்று இந்தக் கரையில் யாரும் சொன்னதில்லை. 2020 ஜூன் 2 அன்று ஜலஷ்வா கப்பல் கொழும்பிலிருந்து 685 பேரை வ.உ.சி. துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியது. ஜூலை 1 அன்று ஈரானில் மாதக்கணக்கில் சிக்கியிருந்த மீனவர்களைச் சுமந்து மறுபடி வந்தது, அந்த நடையில் 687 பேர். கடற்படைக் கப்பலை எந்த மகமையாலும் அனுப்ப முடியாது. ஆனால் அதே ஜூனில்தான், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அழைத்துப் போகப்பட்ட தந்தையும் மகனும் சாத்தான்குளம் போலீஸ் பிடியில் அடிபட்டுச் செத்தார்கள். எல்லாவற்றையும் அரசின் கையில் விட்டுவிட்டு ஒதுங்குங்கள் என்று அந்த வருஷத்தை உதாரணம் காட்டி இந்த மாவட்டத்துக்கு உபதேசம் செய்கிறவர், குறைந்தபட்சம் எந்த மாவட்டத்திடம் பேசுகிறோம் என்றாவது தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

தருமம் செய்தால் அரசு தன் கடமையிலிருந்து நழுவிவிடும் என்று ஒரு நியாயமான பயம் உண்டு. ஆனால் இங்கே கொடுத்தவர்களும் கேட்டவர்களும் வேறு வேறு ஆட்கள் அல்ல. நல்ல தண்ணீர் இல்லாமல் தவித்த ஊருக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை 1920களில் கொண்டுவந்தவர் நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து. அவரும் இந்தக் கரையின் பரதவர்தான். கோயிலுக்குக் காணிக்கை போட்ட சமூகம்தான் நகராட்சியிடம் குழாயும் கேட்டது.

இவ்வளவு எழுதியவர் இந்தக் கொடையின் உண்மையான ஓட்டையைத் தொடவே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மகமை தன் சாதிக்குள் சுற்றும், ஜமாஅத் தன் மஹல்லாவுக்குள், தேவாலயப் பங்கு தன் பங்குமக்களுக்குள். 2020இல் பலர் அந்த எல்லையைத் தாண்டினார்கள், ஆனால் எல்லாரும் தாண்டவில்லை. எந்த நோட்டிலும் பெயர் இல்லாதவர்கள் மிச்சமானார்கள். விடியுமுன் வேனில் ஏறி அளத்துக்குப் போகும் உப்பளத் தொழிலாளர்களில் நிறையப் பேர் அப்படிப்பட்டவர்கள், அவர்களில் பெண்கள் அதிகம். உப்பு நன்றாக விளையும் கோடையில்தான் ஊரடங்கு வந்தது. மழைக்காலத்தில் அவர்களுக்கு எப்படியும் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு தொடங்கியதே 2022இல்தான். ஊர்க் கை அங்கே போதுமான அளவு நீளவில்லை. அவருடைய பெரிய நிதியும் நீளவில்லை, ஆக்சிஜன் கம்பெனியும் நீளவில்லை. உள்ளூர்க் கொடையை அடிக்க அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே நல்ல ஆயுதம் இது. எடுக்கவில்லை. தூத்துக்குடியைப் பற்றி மூன்று பக்கம் எழுதியவர் கண்ணில் ஒரு உப்பளத் தொழிலாளிகூடப் படவில்லை.