ஒரே நாடு, இரு கினி குறியீடுகள்: சமத்துவமின்மையை எப்படி அளப்பது?

புது தில்லி: உலகில் சமத்துவம் மிகுந்த நாடுகளின் வரிசையில் இந்தியா நான்காம் இடத்தில் உள்ளதாக மத்திய அரசு 2025 ஜூலையில் தெரிவித்தது. 2011-12-இல் 28.8 ஆக இருந்த கினி குறியீடு 2022-23-இல் 25.5 ஆகக் குறைந்துள்ளது என்ற உலக வங்கியின் மதிப்பீடே இதற்கு ஆதாரம். ஆனால், வங்கியின் அதே ஆண்டு அறிக்கையொன்று, உலக சமத்துவமின்மைத் தரவுத்தளத்தை மேற்கோள்காட்டி வேறோர் எண்ணையும் தருகிறது. அதன்படி 2004-இல் 52 ஆக இருந்த குறியீடு, 2023-இல் 62 ஆக உயர்ந்துள்ளது.

ஒரே நாட்டுக்கு இரு வேறு எண்கள் எவ்வாறு கிடைக்கின்றன? பிளஸ் 2 கணிதப் பாடத்தில் வரும் வரையறுத்த தொகையீடு இதற்கு விடை தேட உதவுகிறது.

வளைவரையும் பரப்பும்

அமெரிக்கப் பொருளியலாளர் மேக்ஸ் லாரன்ஸ் 1905-இல் வகுத்த முறையில், மக்கள் ஏழைகள் முதல் செல்வந்தர்கள் வரை வரிசைப்படுத்தப்படுகின்றனர். கிடைமட்ட அச்சு மக்கள்தொகையின் பங்கையும், செங்குத்து அச்சு அவர்கள் பெறும் வருமானத்தின் பங்கையும் காட்டும். அனைவரும் சமமாகப் பெற்றால் மூலைவிட்டம் கிடைக்கும். ஏற்றத்தாழ்வு மிகும்போது வளைவரை அதற்குக் கீழே தொய்யும். இரண்டுக்கும் இடைப்பட்ட பரப்பை, மூலைவிட்டத்துக்குக் கீழுள்ள முக்கோணத்தின் பரப்பால் வகுத்தால் கிடைப்பதே கினி குறியீடு.

எடுத்துக்காட்டாக, வருமானப் பங்கு மக்கள் பங்கின் வர்க்கமாக இருப்பதாகக் கொள்வோம். கீழ்ப்பாதி மக்களுக்கு வருமானத்தில் கால் பங்கே கிடைக்கும். 0 முதல் 1 வரை தொகையிட்டால், மூலைவிட்டத்தின் கீழ்ப்பரப்பு 1/2, வளைவரையின் கீழ்ப்பரப்பு 1/3. வேறுபாடு 1/6, அதை 1/2-ஆல் வகுத்தால் 1/3. நூற்றுக்கு 33.3.

அச்சில் இருப்பது என்ன?

சூத்திரத்தில் பிழையில்லை, செங்குத்து அச்சில் எதை வைக்கிறோம் என்பதே சிக்கல். இந்தியாவின் 25.5 நுகர்வுச் செலவைக் கொண்டு கணக்கிடப்பட்டது. 62 வருமானத்தைக் கொண்டது. ஏழைக் குடும்பம் ஈட்டுவதில் பெரும்பகுதியைச் செலவிடுகிறது. செல்வந்தர் பெரும்பகுதியைச் சேமிக்கிறார். எனவே நுகர்வு வளைவரை மூலைவிட்டத்தை ஒட்டியே அமையும். ஒப்பீட்டில் 41.8 எனக் காட்டப்பட்ட அமெரிக்காவின் குறியீடோ வருமானத்தை அடிப்படையாகக் கொண்டது. இவ்விரண்டையும் ஒரே தரவரிசையில் வைப்பது பொருத்தமாகாது.

வருமானக் கணக்கும் குறையற்றதன்று. நாடு தழுவிய அதிகாரப்பூர்வ வருமானத் தரவு இல்லாத நிலையில், வரித் தரவுகளையும் மாதிரி ஆய்வுகளையும் இணைத்து, சில அனுமானங்களின் பேரில் பெறப்பட்ட மதிப்பீடே அது.

இந்த இடைவெளியை நிரப்ப, தேசிய குடும்ப வருமான ஆய்வை 2026-இல் தொடங்க மத்திய புள்ளியியல் அமைச்சகம் திட்டமிட்டது. அதன் தரவுகள் வெளிவரும் வரை, 25.5 என்ற எண் செலவின் சமத்துவத்தை மட்டுமே சொல்லும். வருமானத்தின் சமத்துவத்துக்கு அதைச் சான்றாகக் கொள்ள இயலாது.