அம்மாவை நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள்!

“அம்மா! நீ பேசாமல் உட்கார்!”

நம் வீடுகளில் பிள்ளைகள் அன்போடு சொல்லும் வார்த்தை இது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறினால் வலிக்கிறது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. பஸ்சின் படி மலைபோல் உயர்ந்து நிற்கிறது. டாக்டரிடம் போகிறார்கள். எக்ஸ்ரே எடுக்கிறார்கள்.

“எலும்பு தேய்ந்து விட்டது” என்கிறார் டாக்டர்.

அவ்வளவுதான்! அன்றைக்கே வீட்டில் அம்மாவுக்கு என்று ஒரு நாற்காலி வந்து விடுகிறது.

என் அம்மாவுக்கு நானும் அப்படித்தான் செய்தேன். “கோவிலுக்குப் போக வேண்டாம். கடைக்குப் போக வேண்டாம். உட்கார்ந்த இடத்துக்குக் காப்பி வரும்” என்றேன். பெருமையாகக்கூட இருந்தது. ஒரு வருடம் ஆயிற்று. தெருமுனை வரை நடந்து கொண்டிருந்த அம்மா, வாசல்படி தாண்டவே என் தோளைப் பிடித்தார். தொடை, குச்சியாக மெலிந்து விட்டது. வலியோ முன்னைவிட அதிகம்!

அப்புறம்தான் இதைப்பற்றி டாக்டர்களிடம் கேட்டேன். புத்தகங்களைப் புரட்டினேன். முழங்காலுக்குக் கேடு செய்தது நான் வாங்கிக் கொடுத்த நாற்காலி என்று தெரிந்து கொண்டேன்.

தேய்ந்து விட்டதா?

“தேய்மானம்” என்ற வார்த்தையே என் கண்ணில் பெரிய குற்றவாளி.

சோப்பு தேய்கிறது. செருப்பு தேய்கிறது. உபயோகிக்க உபயோகிக்கத் தேயும். உபயோகிக்காமல் வைத்தால் அப்படியே இருக்கும். முழங்காலும் அப்படித்தான் என்று மக்கள் நினைத்துக் கொள்கிறார்கள். “நடந்தால் மிச்சம் இருப்பதும் தேய்ந்து விடும்” என்று பயப்படுகிறார்கள்.

முழங்கால் செருப்பு அல்ல. அது உயிருள்ள உறுப்பு.

தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடம்தான் முழங்கால். முன்னால் சில்லு எலும்பு இருக்கிறது. எலும்புகளின் முனையில் வழவழப்பான ஒரு பூச்சு உண்டு. அதன் பெயர் குருத்தெலும்பு. இரண்டு எலும்புகளுக்கும் நடுவே பிறை வடிவத்தில் 2 ஜவ்வுகள் மெத்தைபோல் கிடக்கின்றன. சுற்றிலும் கொஞ்சம் வழவழப்பான நீர்.

இதில் ஓர் அதிசயம் இருக்கிறது. அந்தக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது! பிறகு அதற்குச் சாப்பாடு எப்படிக் கிடைக்கிறது?

தண்ணீரில் நனைத்த பஞ்சை நினைத்துக் கொள்ளுங்கள். அமுக்கினால் நீர் வெளியே வரும். விட்டால் உறிஞ்சிக் கொள்ளும். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்குகிறது. தூக்கும்போது மூட்டு நீரை உறிஞ்சுகிறது. அந்த நீர்தான் அதற்குச் சாப்பாடு. கால் அசையாவிட்டால், சாப்பாடு குறைந்து விடும்.

குருத்தெலும்புக்கு நரம்பும் கிடையாது. அதற்கு வலி தெரியாது. வலி வருவது, அடியில் உள்ள எலும்பு, மூட்டைச் சுற்றியுள்ள உறை, தசை ஆகியவற்றில் இருந்துதான். எக்ஸ்ரேயில் மூட்டு மோசமாகத் தெரிந்தும், ஓடியாடி வேலை செய்கிறவர்கள் உண்டு. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும், வலியால் துடிக்கிறவர்களும் உண்டு. எக்ஸ்ரே படத்தைப் பார்த்தே கால் நடக்குமா நடக்காதா என்று தீர்ப்புக் கூற முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ம் ஆண்டில் உலகத்தில் 52 கோடியே 80 லட்சம் பேருக்கு இந்த மூட்டு நோய் இருந்தது. அதில் முழங்கால் நோய் உள்ளவர்கள் மட்டும் 36 கோடியே 50 லட்சம் பேர். மொத்தத்தில் 100-க்கு 60 பேர் பெண்கள்.

கத்தியும் நாடகமும்

“ஆபரேசன் செய்து சுத்தம் செய்து விட்டால் சரியாகி விடாதா?” என்று பலர் கேட்கிறார்கள்.

இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். நாடகம்போல் இருக்கும். ஆனால் நடந்தது.

டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரம். அங்கே முன்னாள் ராணுவ வீரர்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு டாக்டர், முழங்கால் வலி உள்ள 180 பேரைச் சோதனைக்குச் சேர்த்தார். 3 கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு முழங்காலில் துளை போட்டு, குழாய்க் கருவியால் உள்ளே கழுவினார்கள். இன்னொரு கூட்டத்துக்குக் கழுவியதோடு, பிசிறுகளையும் செதுக்கினார்கள்.

மூன்றாவது கூட்டத்துக்கு?

ஒன்றுமே செய்யவில்லை! தோலை மட்டும் லேசாகக் கீறினார்கள். “அதைக் கொடு, இதைக் கொடு” என்று டாக்டர் கருவிகளைக் கேட்டார். காலை மடக்கி நீட்டினார். கழுவுகிற சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக உப்புநீரைத் தெளித்தார்கள்! பிறகு தையல் போட்டு அனுப்பினார்கள். (ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். “எனக்கு வெறும் நாடக ஆபரேசனாகவும் இருக்கலாம்” என்று நோயாளிகள் முன்பே தெரிந்து, எழுதிக் கொடுத்திருந்தார்கள்.)

2 ஆண்டுகள் கவனித்தார்கள். கழுவியவர்கள், செதுக்கியவர்கள், நாடகம் பார்த்தவர்கள், 3 கூட்டத்தாருக்கும் வலியில் வித்தியாசம் இல்லை! 2002-ம் ஆண்டில் இந்த முடிவு வெளிவந்தது. தேய்மான வலிக்குக் கழுவிச் செதுக்கும் ஆபரேசன் பலன் தராது என்பதை, பின்னால் வந்த சோதனைகளும் உறுதிப்படுத்தின.

மூட்டையே மாற்றி வைக்கும் ஆபரேசன் வேறு சங்கதி. அது நல்ல ஆபரேசன். மற்ற எல்லாம் செய்து பார்த்தும் முடியாமல், இரவில் தூக்கம் இல்லாமல், நடையே நின்று போனவர்களுக்கு அது புது வாழ்வு தருகிறது. செலவுக்குப் பயந்து தள்ளிப் போட்டவர்களும் நம்மிடையே உண்டு. அதனால்தான் 2017-ம் ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு, செயற்கை மூட்டுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. அதிகம் உபயோகப்படும் கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை, வரி நீங்கலாக, 54,720 ரூபாய் என்று ஆயிற்று.

ஆனால் முதல் நாளே அங்கே ஓட வேண்டியது இல்லை. டென்மார்க்கில் மூட்டு மாற்றத் தகுதி உள்ள 100 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். 50 பேருக்கு ஆபரேசனும் பயிற்சியும். மற்ற 50 பேருக்கு 12 வாரம் பயிற்சி, எடைக்குறைப்பு, காலணி அட்டை, மாத்திரை ஆகியவை மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள். ஆபரேசன் செய்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்திருந்தது. அதை மறைக்கக் கூடாது. அதேபோல், அவர்களுக்குத்தான் கடுமையான சிக்கல்களும் அதிகம் வந்தன. ஆபரேசன் செய்யாத கூட்டத்திலும் நல்ல குணம் தெரிந்தது. அவர்களில் 13 பேர்தான் அந்த வருடத்துக்குள் ஆபரேசனுக்குப் போனார்கள். 37 பேர் போகவில்லை! 2015-ல் வெளிவந்த முடிவு இது.

நாற்காலியிலேயே மருந்து

அப்படி என்ன பயிற்சி? பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

முழங்காலைத் தாங்கும் தூண், முன்தொடைத் தசை. அது பலமாக இருந்தால் மூட்டின் பாரத்தை வாங்கிக் கொள்ளும்.

கை வைத்த நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். அதில் உட்காருங்கள். மெதுவாக எழுந்திருங்கள். மெதுவாக உட்காருங்கள். முதலில் கையை ஊன்றி எழுந்திருக்கலாம். 5 தடவையில் ஆரம்பித்து 10 தடவை ஆக்கலாம்.

படுக்கையில் காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். துண்டை அமுக்குவதுபோல் முழங்காலை அழுத்தி, 5 எண்ணி, விடுங்கள். பிறகு ஒரு காலை மடக்கிக் கொண்டு, மறு காலை நீட்டியபடியே ஒரு சாண் உயர்த்தி இறக்குங்கள். இதோடு நடை. முதல் வாரம் 10 நிமிடம் போதும்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். பயப்பட வேண்டாம். மறுநாள் காலைக்குள் வலி பழைய நிலைக்கு வந்து விட்டால், சரியான அளவு. வரவில்லையா? அடுத்த நாள் அளவைக் குறையுங்கள். பலன் தெரிய 6 வாரம், 12 வாரம் ஆகும். 3 நாள் செய்துவிட்டு “ஒன்றும் பிரயோசனம் இல்லை” என்று விடுகிறவர்கள்தான் அதிகம்.

“நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேனே, அது பயிற்சி இல்லையா?” என்று தாய்மார்கள் கேட்பார்கள். இல்லை அம்மா! அடுப்படியில் 3 மணி நேரம் நிற்பது காலைக் களைப்பாக்கும். தசைக்குப் பலம் தராது. குத்துக்காலிட்டு வீடு துடைப்பது, வலிக்கிற மூட்டுக்குப் பெரிய பாரம். அந்த வேலையை வீட்டில் மற்றவர்கள், முக்கியமாக ஆண்பிள்ளைகள், பங்கிட்டுக் கொள்ளட்டும். மிச்சமாகும் நேரத்தில் அம்மா நடக்கட்டும். வேலையையும் குறைக்காமல், “பயிற்சி செய்யவில்லையே” என்று குறை சொல்வது என்ன நியாயம்?

உடல் எடையும் கவனிக்க வேண்டிய விஷயம். ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலின் பாரம் 4 கிலோ குறைகிறது என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் கண்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்!

கைத்தடி பிடிக்க வெட்கப்பட வேண்டாம். ஆனால் பலர் தவறாகப் பிடிக்கிறார்கள். வலது முழங்கால் வலித்தால், தடி இடது கையில் இருக்க வேண்டும். கையைத் தொங்க விட்டால், தடியின் பிடி மணிக்கட்டு அளவுக்கு வர வேண்டும்.

மாத்திரை, ஊசி, பொடி

கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையில் ஜாக்கிரதை தேவை. வயிற்றில் புண் உண்டாக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கும். இருதய நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து. நம் நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததே, காரணம் தெரியுமா? மாடுகளுக்குப் போட்ட “டைக்ளோபினாக்” என்ற வலி மருந்துதான். செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டது. 2006-ல் மாட்டு வைத்தியத்தில் அந்த மருந்தை இந்தியா தடை செய்தது. மனிதன் கழுகு அல்ல. ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் மாதக்கணக்கில் விழுங்கும் மருந்து அல்ல அது. அதே மருந்தைக் களிம்பாக முழங்காலில் தடவுவது நல்லது. ரத்தத்தில் கொஞ்சம்தான் கலக்கும்.

“ஸ்டீராய்டு” ஊசி சில வாரங்களுக்குச் சுகம் தரும். 3 மாதத்துக்கு ஒரு தடவை, 2 ஆண்டுகள் போட்டுப் பார்த்த சோதனையில், வெறும் உப்புநீர் ஊசியைவிட வலி அதிகம் குறையவில்லை. குருத்தெலும்புதான் அதிகம் கரைந்தது. இது 2017-ம் ஆண்டு முடிவு. சொந்த ரத்தத்தை எடுத்துச் சுழற்றிப் போடும் ஊசிக்கு இப்போது விளம்பரம் அதிகம். ஆஸ்திரேலியாவில் 288 பேருக்குச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு அந்த ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். ஒரு வருடத்துக்குப் பிறகு வலியில் வித்தியாசம் இல்லை என்று 2021-ல் அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கில் பணம் கட்டுவதற்கு முன், இதை டாக்டரிடம் கேளுங்கள். “குளுக்கோசமின்” மாத்திரை வேண்டாம் என்று அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் அமைப்பு 2019-ல் சொல்லி விட்டது. பயிற்சி, எடைக்குறைப்பு, கைத்தடி, களிம்பு ஆகியவை அவர்கள் பலமாகச் சிபாரிசு செய்த பட்டியலில் உள்ளன.

பெயர்ச்சீட்டு இல்லாத பொடி, உருண்டைகளைத் தொடவே தொடாதீர்கள். “ஒரே வாரத்தில் எழுந்து நடந்தார்” என்பார்கள். அப்படிப்பட்ட சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பரிசோதனையில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

எல்லா முழங்கால் வலியும் வயதான வலியும் அல்ல. மூட்டு திடீரென்று சிவந்து சூடாக வீங்கிக் காய்ச்சல் அடித்தால், கீழே விழுந்தபின் ஊன்ற முடியாவிட்டால், கால் மடங்கியபடியே பூட்டிக் கொண்டால், கெண்டைக்கால் வீங்கினால், காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பல மூட்டுகள் விறைத்திருந்தால், உடனே டாக்டரிடம் போய் விடுங்கள்.

டாக்டர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. மாத்திரையை “காலை ஒன்று, இரவு ஒன்று” என்று எழுதுகிறீர்கள். பயிற்சியை மட்டும் “நட” என்ற ஒரே சொல்லில் முடித்து விடுகிறீர்கள். எத்தனை தடவை, எத்தனை வாரம் என்று அதையும் சீட்டில் எழுதினால் என்ன? செய்து காட்ட பிசியோதெரபி நிபுணரிடம் அனுப்பினால் என்ன? தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5-ந் தேதி “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டத்தை கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது, வீட்டுக்கே வந்து அளிக்கும் பிசியோதெரபியையும் அதில் சேர்த்தது. கேட்டு வாங்க வேண்டியது நம் உரிமை.

என் அம்மா இப்போதும் அதே நாற்காலியில்தான் உட்காருகிறார். குக்கரில் சோறு வேகும் நேரத்தில், உட்கார்ந்து, எழுந்து, 10 எண்ணுகிறார். நான் எதிரே நின்றால், “என்னைப் பார்த்தது போதும். போய்க் காப்பி டம்ளரைக் கழுவு” என்கிறார்.