கைப்பிடிக்கு நூல் போதும்!

தமிழக அரசின் இலவச சைக்கிள் திட்டம் 2001-ல் தொடங்கியது. மணலூர்பேட்டை போன்ற தென்பெண்ணைக் கரை ஊர்களில் பல பிள்ளைகளுக்கு பள்ளிக்கூடம் போக அதுதான் வாகனம். ஆனால் வெயிலிலேயே நிற்கும் சைக்கிளில் பிளாஸ்டிக் கைப்பிடி சீக்கிரம் பிசுபிசுத்து, கிழிந்து, கடைசியில் கழன்று சுழலும். திருப்பத்தில் சுழன்றால் அடிபடுவது பிள்ளைதான். இலவசமாக வந்ததுதானே என்று விட்டுவிடலாமா?

இதற்கு பருத்தி நூலே போதும். பழைய கைப்பிடியை அறுத்தெடுத்து, கம்பியின் துருவை உப்புத்தாளால் தேய்த்து, நூலை இடைவெளி விடாமல் இறுக்கிச் சுற்றி, நுனியை உள்ளே இழுத்துவிட வேண்டும். அதன்மேல் தச்சர்கள் பூசும் அரக்கு பாலிஷ், மெல்லிசாக இரண்டு முறை. முதல் பூச்சு காய்ந்தபின்தான் அடுத்தது. தடிமனாகப் பூசினால் வழுக்கும். கம்பியின் திறந்த முனையை அடைப்பது அவசியம். விழும்போது வயிற்றில் குத்திவிடும்.

புதிது வாங்குவது சுலபம்தான். ஆனால் தானே சரிசெய்யத் தெரிந்த பிள்ளையின் சைக்கிள் பிளஸ் டூவோடு முடிந்துவிடாது.