விடுதிப் பெண்ணின் கோபத்தை யார் கேட்பது?

வசதியான வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பில் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டால் அதற்கு 'ஸ்ட்ரெஸ்' என்று பெயர். பெரிய தனியார் பள்ளியில் கவுன்சிலர் இருப்பார். இல்லாவிட்டால் வெளியில் உளவியலாளரிடம் கூட்டிப்போவார்கள். அதே வயதுத் தலித் பெண் அரசு விடுதியில் பேச்சை நிறுத்தினால் 'திமிர்'. தட்டைத் தூக்கி எறிந்தால் 'வளர்ப்பு சரியில்லை'. மயங்கி விழுந்தால் 'நடிக்கிறா', இல்லையென்றால் 'பேய் பிடிச்சிருக்கு'. ஆய்வுக்காக நான் போன ஒரு விடுதியில், மந்திரித்த கயிறு கட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாணவியை ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போயிருந்தார்கள். அதுவும் சரிவராவிட்டால் டிசி.

படிப்பை விட்ட பெண்களுக்காக 2004இல் தொடங்கியவை கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகள். 75 விழுக்காடு இடங்கள் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைப் பெண்களுக்கு. செங்கல் சூளையிலிருந்தும், பாதியில் நிறுத்தப்பட்ட கல்யாணத்திலிருந்தும் இங்கே பிள்ளைகள் வருகிறார்கள். திட்டம் முதலில் வகுத்த பணியிடங்களில் வார்டன், ஆசிரியர், கணக்கர், சமையலர், காவலாளி உண்டு. உளவியல் ஆலோசகர் இல்லை.

'அதான் 14417 இருக்கிறதே' என்பார்கள். விடுதிப் பெண்ணுக்கு ஏது போன்? வார்டனின் போனில், வார்டன் பக்கத்தில் நிற்க, வார்டனைப் பற்றி அவள் என்ன சொல்ல முடியும்?

நாங்குநேரி வன்முறைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டும் என்கிறது. நல்ல பரிந்துரைதான்; ஒன்றியத்தில் எத்தனை பள்ளிகள் என்று எண்ணிப் பார்த்தால்தான் இது எவ்வளவு குறைவு என்பது தெரியும். 2025இல் விடுதிகளின் பெயர் 'சமூகநீதி விடுதி' ஆனது. போர்டு மாறிய வேகத்தில் பணியிடமும் வந்திருக்கலாம்.

ஆலோசகர் வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் என்ன சொல்வார்? தன் பாட்டிலில் வகுப்புத் தோழிகள் தண்ணீர் குடிப்பதில்லை என்று ஒரு மாணவி சொன்னபோது, எப்போதாவது வந்துபோகும் ஆலோசகர் அவளுக்குக் கொடுத்தது மூச்சுப் பயிற்சி. 'இதையெல்லாம் லைட்டா எடுத்துக்கம்மா, படிப்புல கவனம் வை.' எனக்கு எரிச்சல் வந்த இடம் இதுதான். கோபப்பட வேண்டியதற்குத்தான் அவள் கோபப்பட்டிருக்கிறாள். சிகிச்சை வகுப்பறைக்குத் தேவை.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல சேவையில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது. சமூகத்தின் ஒழுக்க மதிப்பீடுகளோடு ஒருவர் ஒத்துப்போகாததை வைத்து நோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. காதலித்தவளையும் எதிர்த்துப் பேசியவளையும் 'கவுன்சிலிங்' என்று கூட்டிப்போகும் பள்ளிகளில் இதை ஒட்டி வைக்கலாம்.

இப்படிப்பட்ட பெண்களுக்குத் தனிப் பள்ளியே கட்டலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அமெரிக்காவில் அப்படிப்பட்ட உறைவிடங்கள் இருக்கின்றன. அங்கே நடந்த கொடுமைகள் வெளிவந்து 2024 டிசம்பரில் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. பிரித்து உட்கார வைப்பதில் நமக்கு அனுபவம் போதுமான அளவு இருக்கிறது, தோழர்.

இருக்கும் விடுதியிலேயே தலைமையாசிரியருக்கும் வார்டனுக்கும் கீழே வராத, மாணவி சொன்னதை வெளியே சொல்லாத, சாதி பற்றிப் பயிற்சி பெற்ற ஒரு பெண் ஆலோசகர் வேண்டும். பள்ளியின் மீதே புகார் எழுத அவருக்கு அதிகாரம் வேண்டும். அதுவரை? நான் பார்த்த விடுதியில் பிள்ளைகள் ராத்திரி மனம்விட்டுப் பேசுவது சமையல்கார அக்காவிடம். தொகுப்பூதியத்தில், தினமும் பாத்திரம் கழுவி முடித்த பிறகு, அவர் உட்கார்ந்து கேட்கிறார். அவருக்குப் பயிற்சியும் காலமுறை ஊதியமும் கொடுப்பதை இந்த ஆண்டே தொடங்கலாம்.